நேரடி இரண்டாம் ஆண்டு

தம்மாம், சவூதி
4 ஜூலை 2025, வெள்ளி

சுஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டு அம்மா வாய்ஸ் மேல் வாய்ஸ் அனுப்புகிறார்கள். போனில் என்னத்தைப் பேசுவது? இங்கே ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருக்கிறோம். அங்கே நீ ஹலோ சொல்லும் முன்பே அம்மா, "ஸ்பீக்கர்ல போடுத்தா, எம்மவன் கொரல நானும் கேக்குறேன்" என்று வந்து உட்கார்ந்துவிடுவார்கள். புருஷன் பொண்டாட்டி சண்டை போடக்கூட இடமில்லை. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு.

போன வாரம், "மேல படிக்கணும் மச்சான், மூணு லட்சம் ஆகும்" என்றாய். தையலாக இருக்கும், இல்லையென்றால் தபாலில் பி.ஏ.வாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்று லட்சத்துக்கு அப்படி என்ன தையல் என்றும் குழம்பினேன். செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் பரீத் ஜுபைலிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். டீ குடித்துக்கொண்டே, "சுஃபியாவுக்கு பி.இ. எலக்ட்ரிக்கல் கெடைச்சிருச்சாமே மாப்ள, நேரடி ரெண்டாம் வருசம்" என்றார். பிளஸ் டூ படித்தவளுக்கு எப்படி நேரடியாக இரண்டாம் வருடம் தருவார்கள் என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "அப்ப ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது. பெண்கள் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவளைத்தான் நான் நிக்காஹ் செய்திருக்கிறேன் என்பது தம்மாம் டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பாலிடெக்னிக்கையே மறைத்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் மாடிப்படி ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது என்று உனக்கு நான் படம் போட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா மச்சான்" என்று கேட்டாய். கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். அதை நினைத்தால்தான் காது சூடாகிறது. பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம்.

கடைக்கென்று சேர்த்த பணம் இருக்கிறது. ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து, சொந்தமாக ஒயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யத்தான் அதைச் சேர்த்தேன். அதிலிருந்து ஒரு ரூபாயும் இப்போது தருவதாக இல்லை.

இஜாஸ்


காஜிமார் தெரு, மதுரை
6 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சண்டையிலும் சலாமை மறக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், சம்பந்தம் பேசிய தரகர் அம்மா அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "மாப்ள ஐ.டி.ஐ. பொண்ணு கூடப் படிச்சிருக்குன்னா மாப்ள வீட்ல யோசிப்பாக. பிளஸ் டூன்னே சொல்லிருவோம்" என்றார்கள். அத்தாவை உங்களுக்குத் தெரியும். லேத் பட்டறையில் நூல் அளவு தப்பினாலும் ஆளை வைவார். பெற்ற பெண்ணின் படிப்பில் மட்டும் மூன்று வருடத்தைச் சீவித் தள்ளிவிட்டார். எனக்கு அப்போது இருபது வயது. நீங்கள் நல்லவராகத் தெரிந்தீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் துணிந்தேன். அன்றைக்கென்று பார்த்துத்தான் நீங்கள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து மாடிப்படி ஸ்விட்ச் பாடத்தை ஆரம்பித்தீர்கள். அதன் பிறகு எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒன்று. நான் மனதுக்குள் சிரித்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். கல்லூரியில் அதைக் கரும்பலகையில் வரைந்தார்கள், நான் பார்த்து எழுதிக்கொண்டேன். நீங்கள் சொல்லும்போதுதான் ஒரு மனுஷி கைப்பிள்ளையோடு படியேறிப் போய், மேலே நின்று கீழ் விளக்கை அணைப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் அப்படியா என்று கேட்டது உண்மையாகத்தான்.

இப்போது ஏன் என்று கேட்பீர்கள். நம் ஃபர்ஹா யு.கே.ஜி. போகிறாள். காலையிலிருந்து மூன்று மணி வரை வீட்டில் நானும் மாமியும் மிக்ஸியும்தான். மே மாதம் விண்ணப்பம் போட்டேன். கிடைக்கும் என்று நினைக்கவில்லை, கிடைத்துவிட்டது. திருமங்கலம் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. டிப்ளமோ இருப்பதால் முதல் வருடம் கிடையாது, மூன்று வருடத்தில் பி.இ. முடிந்துவிடும். முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் பரீத் அண்ணன் பி.காம். முடித்து முந்திக்கொண்டது. அந்த பி.காம்.ஐ வைத்துக்கொண்டு அது ஜுபைலில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறது.

ஆகஸ்ட் எட்டாம் தேதிக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். கட்டாவிட்டால் சீட் போய்விடும். மறைத்தது தப்பு. படிக்க ஆசைப்பட்டது தப்பில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

சுஃபியா


தம்மாம்
11 ஜூலை 2025

சுஃபியா,

கோபம் பாதி வடிந்துவிட்டது. மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே ஐம்பதைத் தொடப் போகிறது.

நிதானமாக உட்கார்ந்து உன் பி.இ.யை எடை போட்டுப் பார்த்தேன். இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மூன்று லட்சம் போட்டு, மூன்று வருடம் போய்வந்து, வெளியே வந்தால் என்ன கிடைக்கும்? மதுரையில் புதிதாக முடித்த இன்ஜினியருக்குப் பதினைந்தாயிரம் தந்தால் பெரிது. பழங்காநத்தத்தில் கைப்பழக்கம் உள்ள ஒயர்மேன் அதைவிட அதிகம் வாங்குகிறான், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மா சொல்லவில்லை.

ஆனால் உன் டிப்ளமோ விஷயம் வேறு. அதைப் பற்றி யோசித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். நான் வேலை பழகிய சுருளி அண்ணன் எட்டாவதுதான் படித்தவர். கான்ட்ராக்ட் லைசென்ஸ் வேண்டுமென்றால் படித்த சூப்பர்வைசர் ஒருவரைக் காட்ட வேண்டும். அதற்காக விளாங்குடிப் பக்கம் ஒரு டிப்ளமோக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறார். அந்த மனிதர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வேலை நடக்கும் வீட்டின் வாசலைக்கூட மிதித்ததில்லை. சர்டிபிகேட்டைக் கொடுத்திருக்கிறார், கேட்கும்போது கையெழுத்துப் போடுகிறார், மாதம் பிறந்தால் வாடகை வாங்கிக்கொள்கிறார். பாதிப் பேர் அப்படித்தான் தொழில் நடத்துகிறார்கள்.

என் கடைக்கும் அப்படி ஒருத்தரை எங்கே தேடுவது, மாதாமாதம் எவ்வளவு அழுவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அல்லாஹ் வீட்டுக்குள்ளேயே ஆளைக் கொடுத்து ஆறு வருடம் மறைத்தும் வைத்திருக்கிறான். நீ எங்கேயும் அலைய வேண்டாம். வீட்டில் இரு. சர்டிபிகேட்டை என் லைசென்ஸில் போடுவோம், நான் கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போடு. பி.இ. செலவும் மிச்சம், வாடகையும் மிச்சம். ஜனவரியில் நானும் வந்துவிடுவேன். எப்படி என் யோசனை?

இஜாஸ்


காஜிமார் தெரு
15 ஜூலை 2025

மச்சானுக்கு,

உங்கள் யோசனையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை அழுதுவிட்டேன். என் படிப்பு உங்களுக்குத் தெரிந்து முழுதாக இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் வாடகை மிச்சம் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். என் கை வேண்டாம், என் தலை வேண்டாம், பெயர் மட்டும் போதும். கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காய்க்கா சுருளி அண்ணன் மாதாமாதம் வாடகை கொடுக்கிறார்?

அதைப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு பழங்காநத்தம் போனேன். அண்ணன் நல்லபடியாக நடத்தினார், உங்களை விசாரித்தார், இரண்டு பேருக்கும் கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்தார். வேலை முடியும் கட்டத்தில் இருந்த ஒரு மாடி வீட்டைக் காட்டினார். சுத்தமான வேலை. ஆனால் மாடிக் குளியலறையில் ஹீட்டர் பாயின்ட்டுக்கு எர்த் ஒயர் வரவே இல்லை. கேட்டேன். "அது அப்பறம் இழுத்துக்கிறலாம்த்தா. கையெழுத்து போன வாரமே வாங்கியாச்சு" என்றார். வேலை முடிவதற்கு முன்னாலேயே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் யார் குளிக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியாது. அப்படி ஒரு கையெழுத்தை நான் போட மாட்டேன். உங்களுக்காகக்கூட.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஒன்றை மறைத்துப் பட்டது போதும்.

நம் தெருவில் ஆண்கள் இல்லாத நேரத்தில் வெளியாளை வீட்டுக்குள் விட மாட்டார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் நின்றுபோன ஃபேன், ராத்திரி கடையடைத்து ஆண்கள் வரும்வரை நின்றது நின்றதுதான். ஜூன் மாதம் எதிர்வீட்டில் பிள்ளை பெற்று வந்திருந்த பெண்ணின் அறையில் ஃபேன் நின்றுவிட்டது. பச்சைப் பிள்ளை வெக்கையில் கத்துகிறது. எலக்ட்ரீஷியன் வாசலில் நிற்கிறார், உள்ளே விட முடியவில்லை. நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கண்டன்சரை மாற்றினேன். கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாமான். ஃபேன் சுற்றியதும் அந்தப் பிள்ளை தூங்கியது. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஸ்விட்ச் போர்டு, கிரைண்டர், ஒரு வீட்டில் முழுச் சமையலறையும் செய்தேன். மாமிதான் துணைக்கு வருகிறார்கள். பையைப் பிடித்துக்கொள்வதும் அவர்கள், கூலி பேசுவதும் அவர்கள். "எம்மருமவ டிப்ளமா. சும்மாவா வருவா?" என்று கேட்டுக் கையில் வாங்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

ஆமாம், மாமிக்கு ஜூன் மாதமே தெரியும். "எம்மவங்கிட்ட நான் பக்குவமாச் சொல்றேன்" என்றார்கள். பக்குவம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

சுஃபியா


தம்மாம்
18 ஜூலை 2025

சுஃபியா,

அம்மாவுக்கும் தெரியும். பரீத்துக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். தெரியாத ஒரே ஆள் கட்டின புருஷன். உன் கடிதத்தைப் படித்த சூட்டில் அறையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "அப்ப இஜாஸுக்குக் கவலை இல்ல, வீட்ல பொண்டாட்டி ஸ்டூல் ஏறிச் சம்பாதிக்குது" என்று ஒருத்தன் சிரித்தான். சட்டையைப் பிடித்துவிட்டேன். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். இனி யார் வீட்டுக்கும் போகாதே.

20 ஜூலை

மேலே உள்ளதை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். எழுதியது எழுதியதுதான், அதுவும் வரட்டும். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பச்சைப் பிள்ளை கத்தும்போது போகாதே என்று சொல்ல நான் யார்?

இங்கே சைட் இன்ஜினியராக ஒருத்தன் வந்திருக்கிறான். விக்ரம் என்று பெயர், தேனிப் பக்கம். இருபத்து மூன்று வயது. நல்லவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்கிறான், நானும் சொல்லிக் கொடுக்கிறேன். அவனுக்கு என் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. அதுகூடப் பரவாயில்லை. காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே பேனல் முன்னால் தோளோடு தோள் நின்று வேலை பார்க்கிறோம். மதியமானால் அவன் கை கழுவிவிட்டு இன்ஜினியர்கள் மெஸ்ஸுக்குப் போகிறான். நான் எங்கள் மெஸ்ஸுக்கு வருகிறேன். அவன் குற்றமில்லை, கம்பெனி சட்டம் அப்படி.

நீ பி.இ. முடித்துவிட்டால் நம் வீட்டில் இரண்டு மெஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

இன்னொன்று. உனக்குப் பணம் கட்டினால் கடைக்கு வைத்தது போய்விடும். மறுபடி சேர்க்க ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்ட வேண்டும். ஜனவரியில் வர முடியாது. மாத முடிவுக்குள் ஆபீஸில் பதில் சொல்லியாக வேண்டும். எடை போடுவது இனி உன் வேலை.

இஜாஸ்


காஜிமார் தெரு
24 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நான்கு நாளாக எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த முத்துமீனாவிடம் பேசினேன். அவள் அப்போதே கடன் வாங்கி பி.இ. போனவள். முடித்ததும் ஒரு தொழிற்சாலையில் பதினான்காயிரத்துக்குச் சேர்ந்தாள். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியது கடனுக்குப் போனது. இப்போது சென்னையில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். கரண்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. "காசுக்காகன்னா வராதடி. அந்தக் காசுல ஒங்க வீட்டுக்காரருக்குக் கடை வச்சுக் குடு" என்றாள். கடனைக் கட்டி முடித்த மாதம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "தூங்குனேன்" என்றாள்.

அதனால் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை. பணத்தை மட்டும் பார்த்தால் இந்தப் படிப்பு நஷ்டம். போட்டதை எடுக்கவே ஏழெட்டு வருடம் ஆகும், அதுவும் வேலை கிடைத்தால். நீங்கள் சொன்னதுதான் சரி. என் டிப்ளமோவை வைத்தே கடையைத் தொடங்கலாம், ஒவ்வொரு வீட்டையும் நானே வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன் என்றால் அதில் எனக்குச் சம்மதம்தான். ஜனவரியில் நீங்களும் வந்துவிடுவீர்கள். ஃபர்ஹாவுக்கு அத்தா கிடைப்பார். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் தட்டு அந்தப் பக்கமே இறங்குகிறது.

ஜனவரியில் வாருங்கள் என்று எழுதத்தான் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தேன். கை வரவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

டிப்ளமோ புத்தகங்களில் அடிக்கடி ஒரு வரி வரும். இதன் விளக்கம் இந்தப் பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று. அது வந்தால் மற்றப் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், பரீட்சைக்கு வராது என்று. எனக்கு மட்டும் யாரோ முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போல இருக்கும். ஆறு வருடமாகச் சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது? எனக்குச் சம்பளத்துக்காக வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். குடும்பத்துப் பெண் சொல்லக் கூடிய காரணமாக இது எனக்கே தெரியவில்லை.

இரண்டு மெஸ் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஆகாது என்று சத்தியம் பண்ணலாம், ஆனால் சத்தியத்தால் என்ன ஆகும்? நீங்கள் ஐ.டி.ஐ. என்று தெரிந்துதான் உங்களுக்குச் சம்மதம் சொன்னேன். எனக்கு அன்றைக்கும் நீங்கள் குறைவாகத் தெரியவில்லை. குறையாகத் தெரிந்தது அத்தாவுக்கு என் படிப்புதான், அதை ஒளித்து வைத்தார்.

நீங்கள் வேண்டாம் என்றால் சீட்டை விட்டுவிடுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். கடைக்கு வருவேன், வேலை பார்ப்பேன். சந்தோஷமாக விட்டேன் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

சுஃபியா


தம்மாம்
1 ஆகஸ்ட் 2025, வெள்ளி

சுஃபியாவுக்கு,

நேற்று ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம். உன் கணக்கில் மூன்று லட்சம் ஏறியிருக்கும், பார். முழுவதையும் ஒரே தடவையில் கல்லூரியில் கட்டிவிடாதே, வருடா வருடம் கட்டு.

உன் கடிதத்தை ஜும்ஆவுக்குப் போகும்போதும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இந்தப் படிப்பு சம்பளத்துக்காக இல்லை என்று எழுதியிருந்தாய். நான் இங்கே இருப்பது சம்பளத்துக்காக மட்டும்தான். வேறு ஒரு காரணமும் கிடையாது. காலையில் எழுந்து பூட்ஸ் மாட்டும்போது அது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஒருத்தராவது வேறு எதற்காகவோ ஒன்றைச் செய்யட்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. அது என்னோடு இங்கேயே இருக்கட்டும்.

அறையில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சிரித்தானே, அவன்தான் முதலில் வந்து கையைப் பிடித்தான். அவனுடைய தங்கையும் இந்த வருடம் பிளஸ் டூவாம், எலக்ட்ரிக்கல் எடுக்கலாமா, உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னான். முத்துமீனா சொன்னதையும் சேர்த்தே சொல். ஒன்றை மட்டும் சொல்லி ஆளை இழுத்துவிடாதே.

நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாதம் லீவு கேட்டிருக்கிறேன். தருவார்களா தெரியாது. ஃபர்ஹாவிடம் ஜனவரி என்று சொல்லியிருந்தேன். நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் விட்டுவிடாதே, அவர்கள் பக்குவம்தான் தெரியுமே.

உன் இஜாஸ்


காஜிமார் தெரு
9 ஆகஸ்ட் 2025, சனி

என் மச்சானுக்கு,

பணம் கட்டிவிட்டேன், நேற்று, கடைசி நாளில். முன்னாலேயே போயிருக்கலாம். தினமும் கிளம்பி நின்றுவிட்டு, நாளைக்குப் போகலாம் என்று புர்காவைக் கழற்றி மாட்டிவிடுவேன். மனதை மாற்றிக்கொண்டு நீங்கள் ஒரு வரி அனுப்பிவிடுவீர்கள் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. அனுப்ப வேண்டும் என்றா, அனுப்பக் கூடாது என்றா, அது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மாமியும் ஃபர்ஹாவும் கூட வந்தார்கள். கட்டணம் கட்டும் இடத்தில் மாமி கம்பிக்குள் தலையை நுழைத்து, "எம்மருமவளுக்கு ஏதாச்சும் கொறைங்கப்பா, பிள்ளக்காரி" என்றார்கள். அங்கே இருந்தவர் சிரித்துவிட்டு, அப்படியெல்லாம் குறைக்க முடியாது என்றார். "அப்ப ஃபேனையாச்சும் சரி பண்ணுங்க, தட்டித் தட்டிச் சுத்துது" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எனக்கு வகுப்பறையைக் காட்டினார்கள். என்னோடு படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு எல்லாம் பத்தொன்பது வயது இருக்கும். ஒரு பெண் என்னை மேடம் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபர்ஹா என் மடியில் இருந்தாள். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவளே கேட்டுவிட்டாள்.

"அம்மா, அத்தா எப்ப வாராக?"

"அம்மா படிச்சு முடிக்கிறப்ப வந்துருவாகடா தங்கம்" என்றேன்.

அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"அப்ப நீ படிக்காதம்மா."

மாமி முன் சீட்டில் இருந்தார்கள். காதில் விழுந்திருக்கும், திரும்பவில்லை. அழுதால் பயந்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவளைச் சாப்பிட வைத்துவிட்டு அழுதேன்.

நாம் இரண்டு பேரும் ஒரு மாதமாக எத்தனை தாள் எழுதினோம். செலவு, சம்பளம், வாடகை, கடை என்று எல்லாவற்றையும் எடை போட்டோம். அவளை யாரும் கேட்கவில்லை. நான் படிப்பதற்கு அவளும் கட்டுகிறாள், அவள் கட்டுவதுதான் பெரிது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எந்த வழியும் இல்லை. உங்களிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் பழங்காநத்தத்துக்குக் கல்லூரி பஸ் வரும். நான் ஏறுவேன்.

சுஃபியா